பதினைந்து நிமிடமும் பதினான்கு வாரமும்

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போகிறார். இதை நாம் முன்னேற்றம் என்கிறோம், வாழ்த்துகிறோம். தெலுக் இந்தானில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படிப் போனபோது வாழ்த்துகளோடு இன்னொரு பேச்சும் ஊரில் புழங்கியது. ‘நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க.’ இரண்டும் ஒரே செயலைப் பற்றிய தீர்ப்புகள். எது சரி என்ற கேள்வி என்னை விடவில்லை.

அவர் உணவியல் நிபுணர். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்தார். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிவந்தவர்களிடமிருந்தும் அவரிடம் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் இனிப்பு நீர்க்காரர்கள். டாக்டர் ரத்தச் சீனியின் அளவைப் பார்த்து முகம் சுளித்த பிறகு அனுப்பிவைக்கும் அறை அவருடையது. ஒருவருக்குச் சுமார் பதினைந்து நிமிடம் கிடைக்கும். பிறகு முனைவர் பட்டம் முடித்தார், விரிவுரையாளர் ஆனார். இப்போது அவருடைய காலம் பதினான்கு வார செமஸ்டர்களாக ஓடுகிறது.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது கணக்குதான். ஒரு நாளைக்குப் பத்து நோயாளிகள், ஆண்டுக்கு 240 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் அவர் 2,400 முறை ஒருவருக்கு உதவுகிறார். அதே ஆண்டில் முப்பது மாணவர்களைத் தயார்செய்து அனுப்பினால், அந்த முப்பது பேரும் ஆளுக்கு 2,400 முறை உதவுவார்கள். அதாவது 72,000. இந்தக் கணக்கின்படி மருத்துவமனையில் தங்கியிருப்பதுதான் அறமற்ற செயல். மிகுதியான பேருக்கு மிகுதியான நன்மை என்று பேசும் தத்துவவாதிகள் எல்லாரும் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள்.

கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்குகிறது: அக்காவிடம் இருப்பது பிரதி எடுக்கக்கூடிய ஒரு பொருள் என்று. அது உண்மையா?

என் அம்மாவும் அவரிடம் போனவர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் ஐந்து சந்திப்புகளிலும் அம்மா சொன்னது ஒன்றே: “எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான்மா சாப்பிடுறேன்.” ஆறாவது சந்திப்பில்தான் விரதத்தைப் பற்றி வாயைத் திறந்தார். விரத நாட்களில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் கைகால் நடுங்கி வேர்க்கும். அதனால் அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார். ராத்திரி விரதம் முடித்து ஒரேயடியாகச் சாப்பிடுவார். ரத்தச் சீனி ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்கான விடை அதுவரை அந்த அறைக்குள் வரவே இல்லை. டாக்டரிடம் சொன்னால் ஏசுவார், சாமி காரியத்தை நிறுத்தச் சொல்வார் என்ற பயம். அக்கா விரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டரிடம் பேசி மாத்திரையின் வகையையும் நேரத்தையும் மாற்ற வைத்தார். விரதம் விடும்போது எதை முதலில் சாப்பிடுவது என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு வந்தவரும் நல்ல பெண்தான். அம்மா அவரிடம் சொன்னது: “எல்லாம் ஓகேதான்மா.” ஐந்து சந்திப்புகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் 72,000-இல் இந்த இழப்புக்கு இடமே இல்லை. அறிவைப் பெருக்கலாம். நம்பிக்கையை அப்படிப் பெருக்க முடியாது. அது ஒவ்வொரு இருவருக்கும் நடுவில் தனியாகத்தான் முளைக்கிறது.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார் வள்ளுவர். கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். கற்றுக்கொடுப்பவர் அந்த நால்வரில் இல்லை. ஊர்க்காரர்களின் ‘விட்டுட்டுப் போயிட்டாங்க’ இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

இதை நான் அக்காவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“தம்பி, பதினஞ்சு நிமிஷத்துல நான் என்ன சொல்வேன்? சோத்தைக் கொறைங்க, சீனியைக் கொறைங்க. அதை அவங்க என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே பத்துப் பேர்கிட்ட கேட்டுட்டாங்க லா. ராத்திரி ஷிப்டுல செக்யூரிட்டி வேலை பாக்குறவரு, விடிய மூணு மணிக்குத் தொறந்திருக்கிற கடையில என்ன இருக்கோ அதைத்தான் சாப்பிட முடியும். அவரு வாயை மட்டும் நான் திருத்திக்கிட்டே இருந்தா, தப்பெல்லாம் அவரு மேலதான்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும்.”

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகப் பேருக்கு உதவலாம் என்று அவர் வாதாடவே இல்லை. அந்த அறைக்குள் இருந்துகொண்டு சில உண்மைகளைச் சொல்லவே முடியாது என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அவருடைய நோயின் காரணம் உங்கள் முதலாளியிடமும் கடைக்காரரிடமும் இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்.

இதே பாதையில் நம் மண்ணில் நடந்த ஒருவரின் வாழ்க்கை அப்போது நினைவுக்கு வந்தது. சிசிலி வில்லியம்ஸ், 1893-இல் ஜமைக்காவில் பிறந்தவர். உணவியல் நிபுணர் இல்லை, குழந்தை மருத்துவர்; ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றியது. ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், வயிறும் கால்களும் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிச் சாகும் குழந்தைகளைப் பார்த்தார். இது தெரிந்த பழைய நோய்தான் என்று மூத்த மருத்துவர்கள் வாதிட்டார்கள். அவர் உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டார். அவர்களுடைய கா மொழியில் அதற்குப் பெயர் இருந்தது: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வருகிற நோய் என்று பொருள். தாய்ப்பால் நின்று, வெறும் மாவுக் கஞ்சியில் வளரும் குழந்தைக்குப் புரதம் போதவில்லை என்ற விளக்கம் அந்தப் பெயருக்குள்ளேயே பாதி இருந்தது. 1935-இல் ‘லான்செட்’ இதழில் அந்தப் பெயரோடே அவர் எழுதினார். பாடப்புத்தகங்களில் இன்றும் அது இருக்கிறது. பெயர் வைத்த தாய்மார்கள் யாரும் பாடப்புத்தகத்தில் இல்லை.

1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். நோயாளிகளிடமிருந்து வகுப்பறைக்கு. இங்கே அவர் கண்டது வேறொரு சாவு. தாய்ப்பால் கொடுக்கக்கூடிய தாய்மார்களிடம், இனிப்பூட்டிய டின் பாலே குழந்தைக்கு நல்லது என்று விளம்பரம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வார்டில் அவரால் என்ன செய்ய முடியும்? ஒரு தாயிடம் டின் பாலை நிறுத்து என்று சொல்லலாம். அவள் வீட்டுக்குப் போனதும் தெருமுனையில் அதே விளம்பரம் நிற்கும்.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வணிகர்களும் கனவான்களும் உட்கார்ந்திருந்த சபையில், அவர் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அந்த வார்த்தையை வார்டில் ஒரு தாயின் முன்னால் சொல்லியிருந்தால் அது அவள் தலைமேல்தான் விழுந்திருக்கும். மேடையில் சொன்னதால் அது போக வேண்டிய இடத்துக்குப் போனது. மேடைக்கும் வகுப்பறைக்கும் இருக்கும் அறமதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். குற்றத்தை நோயாளியின் மடியிலிருந்து எடுத்து, அது உண்மையில் யாருடையதோ அவரிடம் வைக்க முடியும்.

ஆனால் வில்லியம்ஸின் கதை மேடையில் முடியவில்லை. 1941-இல் திரங்கானுவில் மறுபடி தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் இருந்தார். ஜப்பானியர் நுழைந்ததும் அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தப்பி வந்து, சாங்கியில் சிறைப்பட்டார். சிறையில் பெரிபெரி நோய் அவரையே பிடித்தது. 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பிறகு பெய்ரூத்தில் பேராசிரியர். நோயாளியிடமிருந்து வகுப்பறைக்கு, திரும்பவும் நோயாளியிடம், மறுபடி வகுப்பறைக்கு. ஒருமுறை மட்டும் தாண்டிப் போகிற கோடாக அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.

பெரிபெரி என்றதும் நம் தோட்டத்துச் சமையலறை நினைவுக்கு வர வேண்டும். நூறாண்டுக்கு முன்பு மலாயாவில் அந்த நோயால் சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தையமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. 1905-இல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி தின்றவர்களில் பலர் நோயுற்றார்கள், பலர் செத்தார்கள். எத்தனையோ ஆயிரம் பேரைப் பின்னால் காப்பாற்றிய அறிவு அப்படித்தான் வந்தது. பிராடன் பெயர் இருக்கிறது, பிளெட்சர் பெயர் இருக்கிறது. விடுதியில் செத்தவர்களின் பெயரோ, நெல் அவித்த பெண்களின் பெயரோ யாருக்கும் தெரியாது. என் 72,000 கணக்கின் இன்னொரு முகம் இது. கூட்டுத்தொகை பெரிதாக ஆக, அதற்குள் இருக்கும் ஆள் மறைந்துகொண்டே போகிறார்.

வகுப்பறையின் ஆபத்தும் அங்கேதான். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது; இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இந்த எண் ஸ்லைடில் வரும். வர வேண்டும். ஆனால் அதைப் பார்க்கும் இருபது வயது மாணவர் என்ன எடுத்துக்கொண்டு போவார்? இந்தியர்கள் வாயைக் கட்ட மாட்டார்கள் என்றா? அல்லது, ரேஷன் அரிசியிலும் டின் பால் தேத்தண்ணியிலும் நான்கு தலைமுறை உழைத்த உடம்பு, உழைப்பு குறைந்து தாமானுக்கு வந்த பிறகும் அதே சோற்றைத்தான் தின்கிறது என்றா? எண் ஒன்றுதான். அது பழியாகப் போய்ச் சேருமா, புரிதலாகப் போய்ச் சேருமா என்பதை முன்னால் நின்று பேசுபவர்தான் முடிவுசெய்கிறார். நோயாளியைப் பார்த்தே இராதவர் அங்கே நின்றால் முதலாவது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அக்கா மாதிரி ஒருவர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் போகிறவருக்குக் கடன் உண்டு. அது பொதுவாகச் ‘சமுதாயத்துக்கு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடிய கடன் இல்லை. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிலருக்குப் பட்ட கடன். எழுந்து போவதற்கு முன் அடுத்து வருபவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, “இவங்ககிட்டயும் என்கிட்ட பேசின மாதிரியே பேசுங்க” என்று அறிமுகம் செய்வது முதல் தவணை. ஆட்பற்றாக்குறையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. கோப்பு மட்டும் கைமாறுகிறது. இரண்டாவது தவணை, திரும்பப் போவது. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் ஒரு நாளோ. விரிவுரையாளரின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை பார்க்கிறார்கள். எத்தனை பேர் அவரிடம் ஆறாவது முறை வந்து உண்மையைச் சொன்னார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவர் திரும்பப் போனால் அது சொந்த விருப்பத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. போகாமல் இருந்தால் அவருடைய நோயாளிகள் பத்து வருடம் பழைய உதாரணங்களாக உறைந்துவிடுவார்கள். அவர்கள் வேலை மாறியிருப்பார்கள், அரிசி விலை மாறியிருக்கும், கடைத்தெருவில் புதிதாக ஒரு இனிப்புத் தண்ணீர் வந்திருக்கும்.

மூன்றாவது தவணைதான் கஷ்டம். நம்பிக்கையைப் பிரதி எடுக்க முடியாது என்றேன். ஆனால் அது வளர ஆறு சந்திப்பு பிடிக்கும் என்பதைக் கற்றுக்கொடுக்க முடியும். முதல் ஐந்து முறை நோயாளி சொல்லும் “எல்லாம் ஓகே”யைப் பொய் என்று பிடித்துக் கண்டிக்காமல், இன்னும் சொல்லப்படாத ஒன்றுக்கான வாசல் என்று எடுத்துக்கொள்ளப் பழக்க முடியும். அக்கா இப்போது தன் மாணவர்களிடம் கலோரிக் கணக்குக்கு முன்னால் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறாராம். வீட்டில் யார் சமைக்கிறார்கள்? எத்தனை பேருக்கு? மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்? எந்த நாளில் சாப்பிடாமல் இருப்பீர்கள்?

அந்த நான்காவது கேள்வி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். “என் பேரைச் சொல்லுவாங்களா?” என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, “சரி, புதுசா வந்த புள்ள அதைக் கேட்டா சொல்லிடறேன்” என்றார். அந்தப் பெண் இன்னும் கேட்கவில்லை.