தோலில் தெரிந்த பசி

வெயிலில் வேலை செய்யும் ஒருவரின் கழுத்து. சட்டையின் கழுத்துப்பட்டி முடிகிற இடத்துக்கு மேலே, சுற்றிலும் மாலை போட்டதுபோல ஒரு பட்டை. முதலில் வெயிலில் கன்றியதுபோல் சிவந்திருக்கும். சில வாரங்களில் கறுத்துத் தடித்து, வறண்ட களிமண் தரைபோல வெடிக்கும். அந்தப் பட்டையின் ஓரம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் துல்லியமாக இருக்கும். புறங்கையிலும் அதே கறுப்பு, கையுறை மாட்டியதுபோல. சட்டைக்குள் இருக்கிற தோலில் மட்டும் ஒன்றுமில்லை. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735இல் இதைக் கண்டு எழுதினார். கழுத்துப் பட்டையை இன்றைக்கும் ‘காசல் மாலை’ என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோயின் பெயர் பெல்லாக்ரா. தோலோடு நிற்காது, வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும், கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

உடலின் ஆற்றலைக் கூட்டி முதுமையைத் தள்ளிப்போடும், தோலை இளமையாக்கும் என்று சொல்லி இன்று விற்கப்படும் மாத்திரைகளையும் சீரங்களையும் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தக் கழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவை கூட்டித் தருவதாகச் சொல்லும் மூலக்கூறு உடலில் வற்றிப்போனால் என்ன ஆகும் என்பதைத் தோல்தான் முதலில் காட்டியது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்லாக்ரா பரவியபோது அதைத் தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர் வேறொன்றைக் கவனித்தார். காப்பகங்களில் தங்கியிருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களோடு பழகும் பணியாளர்களுக்கு வருவதில்லை. மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளின் தட்டில்தான் கோளாறு என்றார். யாரும் ஏற்கவில்லை. தொற்றாது என்று நிரூபிக்க 1916இல் நோயாளிகளின் தோல் செதில்களைத் தாமே விழுங்கினார். தட்டில் குறைந்தது எது என்று தெரியுமுன் 1929இல் இறந்துபோனார். 1937இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் அதைக் கண்டுபிடித்தார். அது நிகோடினிக் அமிலம். நாம் நயாசின் அல்லது வைட்டமின் பி3 என்று சொல்வது.

நம் பக்கத்திலும் இந்த நோய் உண்டு. தக்காணத்தில் மக்காச்சோளம் உண்ணாத, வெள்ளைச் சோளம் உண்ணும் ஏழைகளுக்கு அது வந்தது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், சக ஆய்வாளர் ஸ்ரீகண்டையாவோடு சேர்ந்து 1960இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் உடலின் நயாசின் கணக்கைக் குலைக்கிறது. அந்த விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. ஆனால் உணவில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, உடல் அதைக் கொண்டு என்ன செய்துகொள்கிறது என்பது வேறொன்று என்ற அந்தப் பார்வை முக்கியமானது. மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது அது மறுபடி வேண்டியிருக்கும்.

நயாசினைக் கொண்டு உடல் செய்வது என்.ஏ.டி. என்ற மூலக்கூறு. இதன் முதல் தடயம் வைட்டமின் கதைக்கு முன்பே, 1906இல் லண்டனில் கிடைத்தது. ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாறு சர்க்கரையைப் புளிக்கவைப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சாற்றை வடிகட்டி இரண்டாகப் பிரித்தால் இரண்டு பங்குமே வேலை செய்யவில்லை. சேர்த்தால் மறுபடி நொதித்தது. வடிந்த பங்கைக் கொதிக்கவைத்துச் சேர்த்தாலும் நொதித்தது. நொதியாக இருந்தால் கொதியில் கெட்டிருக்கும். ஆகவே கொதியைத் தாங்கும் ஏதோ ஒரு சிறு பொருள் நொதிக்குக் கைகொடுக்கிறது. அந்தப் பொருள்தான் என்.ஏ.டி.

இதன் வேலையைச் சுமைவண்டி என்று வைத்துக்கொள்ளலாம். நாம் உண்ட சோறும் எண்ணெயும் செல்லுக்குள் உடைபடும்போது எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. என்.ஏ.டி. அவற்றை ஏற்றிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்பி வருகிறது. இறக்கிய எலெக்ட்ரான்களின் விசையால், செல்லின் செலவுக்கான ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. உண்டாகிறது. தசை சுருங்குவதும் நரம்பு பேசுவதும் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் ஏ.டி.பி.யைச் செலவழித்துத்தான். ஒரு நாளில் உடல் ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் எடையளவு வரும். ஆனால் எந்த நேரத்திலும் கையிருப்பு மிகக் கொஞ்சம். ஓட்டம்தான் பெரிது.

சுமை இழுப்பதால் வண்டி தேய்வதில்லை. தேய்வது வேறோர் இடத்தில். செல்லில் சில நொதிகள் வண்டியையே விறகாக வெட்டிப் பயன்படுத்துகின்றன. டி.என்.ஏ. அறுந்தால் பழுதுபார்க்க ஓடிவரும் பார்ப் நொதி அவற்றில் ஒன்று. சர்டுயின்கள் இன்னொன்று, அவை என்.ஏ.டி. இல்லாமல் இயங்கா என்பதை 2000ஆம் ஆண்டில் ஷின்-இச்சிரோ இமாயும் லியோனார்ட் குவாரெண்டேயும் காட்டியதிலிருந்துதான் முதுமை ஆராய்ச்சியாளர்கள் இந்த மூலக்கூறின் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது சி.டி.38, வயது கூடி, உடலில் அழற்சி கூடும்போது இதுவும் கூடுகிறது. வெட்டியபின் மிஞ்சும் துண்டு நிகோடினமைடு. அதை எடுத்துச் செல் மறுபடி வண்டி கட்டிக்கொள்கிறது. இளமையில் வெட்டும் வேகமும் கட்டும் வேகமும் ஒத்துப்போகின்றன. வயதாக ஆக, பல திசுக்களில் வெட்டு முந்திக்கொள்கிறது.

இப்போது அந்தக் கழுத்துக்குத் திரும்பலாம். வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. பழுதுபார்க்கும் நொதி என்.ஏ.டி.யை அள்ளிச் செலவழிக்கிறது, செல்லின் ஏ.டி.பி.யும் இறங்குகிறது. கையிருப்பு உள்ளவர் ஈடுகட்டிவிடுவார். நயாசினே இல்லாதவரின் தோலுக்கு ஈடுகட்ட வழியில்லை. சட்டைக்கு வெளியே இருந்த தோல் மட்டும் கருகியதற்கு இது ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது.

அப்படியானால் நிறைந்திருப்பவருக்கு மேலும் ஊற்றினால் மேலும் இளமையா? இங்கேதான் நிதானம் வேண்டும். உடல் என்.ஏ.டி.யாக மாற்றிக்கொள்ளும் என்.எம்.என்., என்.ஆர். என்று இரண்டு மூலப்பொருள்கள் விற்பனையில் முன்னே நிற்கின்றன. என்.ஆரை நாளுக்கு 1000 மில்லிகிராம் வீதம் 6 வாரம் உட்கொண்ட 55 வயது கடந்தவர்களின் இரத்த வெள்ளணுக்களில் என்.ஏ.டி. சுமார் 60 விழுக்காடு கூடியது. ஆகவே அளவு கூடுவது உண்மை. பலன்தான் சிக்கல். உடல் பருத்த ஆண்களுக்கு 2000 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் இன்சுலின் வேலை முன்னேறவில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 25 பெண்கள் பங்கேற்றனர். 10 வாரம் என்.எம்.என். எடுத்தவர்களின் தசையில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஆனால் எடையும் இரத்த அழுத்தமும் இருந்தபடியே இருந்தன. எலியின் உடலில் பின்தொடர்ந்து பார்த்தபோது, வாய்வழி போன இந்தப் பொருள்களில் பெரும்பங்கு கல்லீரலிலேயே வெறும் நிகோடினமைடாக மாறிவிட்டது. வாங்கும் விலைக்கும் உடல் செய்துகொள்வதற்கும் உள்ள இந்த இடைவெளியை யாராவது வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். நோயில்லாத மனிதர் இதனால் நெடுநாள் வாழ்ந்தார் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை.

தோல் விஷயத்தில் சான்று கொஞ்சம் திடமானது. அதைத் தந்தது விலை குறைந்த பழைய நிகோடினமைடு. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வந்த 386 பேர் பங்கேற்றனர். ஒரு வருடம் தினமும் இருவேளை 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் புதிய புற்றுகள் 23 விழுக்காடு குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலன் நீடிக்கவில்லை. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் பின்னர் சோதித்தபோது பலனே தெரியவில்லை. இவை மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டிய அளவுகள். கடையில் கண்டு தாமாக விழுங்க வேண்டியவை அல்ல.

மேலே பூசும் நயாசினமைடு சீரமும் இதே பொருள்தான். 5 விழுக்காடு கலந்ததை 12 வாரம் பூசியவர்களிடம் மெல்லிய சுருக்கமும் கரும்புள்ளிகளும் ஓரளவு குறைந்தன. நிறமிச் செல் தன் நிறப்பைகளைப் பக்கத்துச் செல்களுக்குக் கைமாற்றுவதை இது தடுக்கிறது. நிறமி உண்டாவதை அல்ல. பூசுவதை விட்டால் தோல் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். வெயில் காப்புக் களிம்பு பூசாமல் இதை மட்டும் பூசுவது, ஓட்டைக் கூரையை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதுபோல.

மருந்துக்கடைக்கு வெளியிலும் வழி உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 14 முதல் 16 மில்லிகிராம் நயாசின். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 12 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் கூடுதல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால். மீன், கோழி, பருப்பில் உள்ள டிரிப்டோஃபேனிலிருந்தும் உடல் நயாசின் செய்துகொள்ளும். தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவரின் தசையில், வெட்டிய துண்டிலிருந்து வண்டி கட்டும் நொதி கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று நம் அடுப்படியில் இருக்கிறது. வெந்தயத்தில் டிரிகோனெலின் என்றொரு பொருள் உண்டு. வெந்தயத்தின் தாவரவியல் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. பச்சைக் காப்பிக் கொட்டையிலும் அது இருக்கிறது. கொட்டையை வறுக்கும்போது, பச்சை வாசம் போய்ப் பழுப்பேறி எண்ணெய் மினுங்கத் தொடங்கும் அந்தச் சூட்டில், டிரிகோனெலினில் ஒரு பங்கு நயாசினாக மாறுகிறது. டிரிகோனெலின் என்.ஏ.டி.யாக மாறக்கூடியது என்றும், வயதான எலிகளின் தசைக்கு வலு சேர்த்தது என்றும் 2024இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதரில் இன்னும் பார்க்க வேண்டும். காலையில் இறங்கும் டிகாக்‌ஷனில் நயாசினின் அந்தச் சிறு பங்கு ஏற்கெனவே இருக்கிறது.