விமானியின் அறிவுக்கு எது சான்று?

ஒரு நாட்டில் உரிமம் பெற்ற விமானி வேறொரு நாட்டின் விமான நிறுவனத்தில் சேர விரும்பினால், தாம் கற்ற வானிலையியல், வழியறிதல், பறத்தலின் இயற்பியல், வான்சட்டம் ஆகியவற்றில் தமக்குள்ள அறிவைப் பெரும்பாலும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இதன் அடியில் பழைய மெய்யியல் வினா ஒன்று உள்ளது: ஒருவருக்கு ஒன்று தெரியும் என்பதை மற்றவர் எதைக் கொண்டு அறிவது?

அறிவை அடையும் வழிகளைத் தமிழ்ச் சைவ மரபு அளவை என்ற பெயரில் ஆராய்ந்தது. பலவாக எண்ணப்பட்ட அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கியது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். விமானியிடம் கேட்கப்படும் சான்றுகளும் இம்மூன்றில் அடங்குகின்றன.

உரிமம் என்பது உரை. இவர் தேறியவர் என்று ஓர் அரசு மற்ற அரசுகளுக்குச் சொல்லும் சொல் அது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாத நெறிகளின்படி வழங்கப்பட்ட உரிமங்களை மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் 32ஆம் பிரிவின்படி, பன்னாட்டுப் பயணத்தில் விமானத்தை ஓட்டுபவரின் உரிமம் அந்த விமானம் பதிவான நாடு வழங்கியதாகவோ செல்லுபடியாக்கியதாகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டில் பணியேற்பவர் அந்நாட்டின் ஒப்புதலை நாட வேண்டியிருப்பது இதனால்தான்.

சொல்பவரின் நம்பகமே உரையின் வலிமை. 2020 ஜூனில் பாகிஸ்தானின் வான்போக்குவரத்து அமைச்சர், தம் நாட்டு விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்று அறிவித்தார். உடனே வியட்நாம், மலேசியா போன்ற நாடுகள் அங்கே உரிமம் பெற்ற விமானிகளைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தன. நேர்மையாகத் தேர்வெழுதியவர்களின் சான்றும் அதோடு வலுவிழந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது வேறு வகையான முறிவு நேர்ந்தது. 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ் உரிமம் ஒன்றியத்துக்கு அயல்நாட்டு உரிமமாயிற்று. விமானிகளின் அறிவு அப்படியே இருந்தது. அதற்குச் சான்று சொன்ன அரசின் இடம் மாறியது.

எழுத்துத் தேர்வு கருதல். சரியான விடைகளிலிருந்து விடையளித்தவரின் அறிவு உய்த்துணரப்படுகிறது. ஐரோப்பிய முறையில் பயணிகள் விமானிக்கான கோட்பாட்டுத் தேர்வில் 13 பாடங்கள். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் பெற வேண்டும். அயல்நாட்டு உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்ற விரும்புபவர், பல ஆண்டு பறந்தவராக இருந்தாலும், பொதுவாக இத்தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்தவரும் பொருளுணர்ந்து கற்றவரும் ஒரே விடையைக் குறிக்கக்கூடும்.

எனவே நிறுவனங்கள் காண்டலையும் நாடுகின்றன. நேர்காணலில் காரணம் கேட்கின்றன. சிமுலேட்டரில் எஞ்சின் செயலிழப்பு போன்ற இடர்களைத் தந்து, கற்றது செயலாகிறதா என்று பார்க்கின்றன. இது ஏன் தேவை என்பதை 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447 உணர்த்துகிறது. வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன, தானியங்கி விடுபட்டது, இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. அந்த நிலையை உரிமம் பெற்ற விமானிகள் இனங்காணவில்லை. 228 பேர் மாண்டனர். தூக்குவிசை இழப்பு எல்லா விமானிகளும் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம். கற்றிருப்பதும் கற்றது உரிய நொடியில் கைகொடுப்பதும் வேறு வேறு.

மூன்று அளவைகளில் எதுவும் தனியே போதாது. உரையில் பொய் கலக்கலாம், கருதல் பிழைக்கலாம், காண்டல் ஒரு நாளின் சில மணி நேரத்தையே காட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆகவே மீண்டும் சான்று கேட்பது விமானியின் நேர்மையைக் குறைத்து மதிப்பதாகாது. விமானியைச் சோதித்தறிய வழியில்லாமல் தம் உயிரை ஒப்படைக்கும் பயணிகளுக்காக மற்றவர்கள் செய்யும் கடமை அது. உண்மையாக இருக்கும் கடமை விமானியோடு முடிவதில்லை. தேர்வு நடத்தி உரிமம் வழங்கும் அரசும் அதே அளவுக்கு உண்மைக்குக் கட்டுப்பட்டது.