சொன்னவர் பாவமா, விற்றவர் பாவமா?
ராப் பாட்டில் வரும் கொலைவெறிக்குப் பாடியவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பெழுதுவது சுலபம். கம்பெனி ஒரு வரிகூட எழுதவில்லையே! ஆனால் எதை வெளியிடுவது, எதை முடக்குவது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு செயல்தான். 1992-இல் அமெரிக்க ராப் பாடகர் ஐஸ்-டியின் பாடி கவுன்ட் குழு பாடிய 'காப் கில்லர்' ('போலீஸ் கொலையாளி'; அது மெட்டல் பாட்டு, பழி விழுந்ததென்னவோ ராப்மீது) ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டது. அதை வெளியிட்ட கம்பெனியின் உரிமையாளரான டைம் வார்னரைப் புறக்கணிக்கச் சொல்லிப் போலீஸ் சங்கங்கள் கிளம்பியிருந்தன. அதே ஆண்டு, அதிபர் புஷ்ஷைக் கொல்வதாகக் கற்பனை செய்த ராப் பாடகர் பாரிஸின் ஆல்பத்தை வெளியிட வார்னர் தரப்பு மறுக்க, அவரே அதை வெளியிட்டார். மறு ஆண்டு, டைம் வார்னருக்குப் பங்கிருந்த இன்டர்ஸ்கோப் இசைக் கம்பெனி வழியாக வந்த ஸ்னூப் டாகின் 'டாகிஸ்டைல்' ஆல்பத்திலும் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. அங்கே குறி கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்காகப் புறக்கணிப்பு நடத்தச் சங்கம் ஏது? கண்டனம் முற்றிய பிறகு, 1995-இல்தான் டைம் வார்னர் அந்தப் பங்கை விற்றது. அடுத்த ஆண்டே எம்.சி.ஏ. அதை 20 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

கேட்பவர் விரும்புவதைத்தானே விற்கிறார்கள் என்பார்கள். விருப்பம் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி உரிமைக்கான தேசிய உச்சவரம்பை நீக்கியதும், கிளியர் சேனல் கம்பெனி ஒன்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைச் சேர்த்தது. திரும்பத் திரும்பக் காதில் விழுவதே ரசனையாகிறது. கலகக் குரலான பப்ளிக் எனிமி ராப் குழுவையும் பெரிய கம்பெனிதானே வெளியிட்டது என்ற ஆட்சேபம் வலுவானது. பணம் வரும்வரை கலகக் குரலையும் விற்பார்கள்தான். ஆனால் வெளியிட அவர்கள் தரும் இசைவு லாபத்தைப் பொறுத்தது. பாடியவரின் பங்கு இதனால் அழிவதில்லை, விற்றவரின் பங்கு அதோடு கூடுகிறது.