வளர்ந்த தண்ணீரின் வாடை

சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. ஆறு எங்கே என்று எங்கள் ஊரில் கேட்டால் பாதிப் பேர் எம்.ஆர்.டி. நிலையத்துக்குத்தான் வழி சொல்வார்கள். ஜெராம் பக்கம் கடலோரத்தில் அதே பெயரில் ஒரு மீனவக் கம்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு நான் போவது அங்கே.

போன மாதம் வான்கூவரிலிருந்து வந்த சித்தி மகன், தன் ஃபிளை தூண்டிலையும் கொண்டுவந்தான். இரையே கிடையாது. சின்னக் கொக்கியில் இளஞ்சிவப்பு இறகையும் மினுக்கு இழையையும் இறால் மாதிரி சுற்றிக் கட்டியிருந்தான். கொக்கிக்குக் கனமில்லை, கனமெல்லாம் நூலில். நூலைப் பின்னால் வீசி, அது முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னே தள்ள வேண்டும். அந்த ஒரு நொடிப் பொறுமை எனக்கு வரவில்லை. கொக்கி இரண்டு முறை அலையாத்தி மரத்தில் மாட்டியது, ஒரு முறை என் சட்டையில்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் சிரித்தார். "உசுரு எறா போட்டாலே யோசிக்கும் சியாக்காப். கோழி ரெக்கைக்கா வரப்போவுது?"

வான்கூவர் பக்கம் வருகிறதாம். கடலிலிருந்து ஊர் திரும்பும் கோஹோ சால்மன் கரையை ஒட்டி வரும்போது, முழங்கால் தண்ணீரில் நின்று இந்த இறகை வீசுகிறார்கள். ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடும், வெள்ளி மினுமினுப்பும் போய்விடும். அதனால் உப்புத் தண்ணீரிலேயே அதைப் பிடிப்பதில்தான் சிலருக்கு ருசி. நம் சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா, இதற்கு நேர் எதிர். முகத்துவாரத்தில் பிறந்து, ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட உப்புக்கே இறங்கி வருகிறது.

"அத்தனை ஆத்துல அதுக்குத் தன் ஆறு எப்படிடா தெரியுது?" என்றேன்.

"வாசம்ணே."

இதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்கர். 1940களில் யூட்டா மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஓர் அருவிப் பக்கமிருந்து வந்த பாசி மணம் மறந்துபோன சின்ன வயது நண்பர்களை நினைவில் கொண்டுவந்து நிறுத்தியதாம். சால்மனுக்கும் இப்படித்தானோ என்று நினைத்தார். 1970களில் அவர் குழு, பண்ணையில் வளர்ந்த கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற ரசாயனம் கலந்த தண்ணீரில் வைத்திருந்து மிச்சிகன் ஏரியில் விட்டது. பிறகு ஓர் ஓடையில் அதே மார்ஃபோலினைச் சொட்டவிட்டார்கள். வளர்ந்த மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன. அவை பிறந்த ஓடையல்ல அது. அவற்றின் தாயும் தகப்பனும் நீந்திய ஓடையுமல்ல. குஞ்சாக இருந்தபோது மூக்கில் ஏறிய வாடை அங்கே அடித்தது, அவ்வளவுதான்.

என் தாத்தா சாகும்வரை "ஊரு" என்று சொன்னது நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றை. நாற்பது வயதில் அங்கே போய் நின்றேன். புழுதி, வேப்பம்பூ, சாணம் எல்லாம் இருந்தன. எனக்குள் எதுவும் அசையவில்லை. குற்றவாளிபோல் திரும்பினேன். நான் வளர்ந்தது ரப்பர் பால் மங்கு கழுவிய தண்ணீரில், ஒட்டுப்பால் நாற்றத்தில். இந்தப் பக்கத்து ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் தோட்டம், 2,300 ஏக்கருக்கு மேல், இப்போது குவாசா டாமான்சாரா என்ற நகரமாகிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் என்றைக்காவது ஒட்டுப்பால் லோரி ஒன்று கடந்து போனால் மற்றவர்கள் காரின் கண்ணாடியை ஏற்றுவார்கள், நான் இறக்குவேன். ஊர் ரத்தத்தில் வருவதில்லை, மூக்கில் வருகிறது. தாத்தாவின் ஊருக்கு நான் துரோகம் செய்யவில்லை என்று எனக்குச் சொல்ல ஒரு மீன் வேண்டியிருந்தது.

அன்று எங்களுக்கு ஒன்றும் மாட்டவில்லை. பெரியவருக்கும்தான். வரும் வழியில் ஒரு கிலோ சியாக்காப் வாங்கி வந்தோம். குழம்பு கொதிக்கும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "கொளத்து மீனுங்க இது. சேத்து வாடை அடிக்குது."