பூட்டு ஒருத்தருடையது, நகை இன்னொருத்தருடையது

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகமாகத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் 'ஃபைல் சிஸ்டம்' என்கிறார்களே, அதுவும் ஒரு பேரேடுதான். உங்கள் கல்யாண போட்டோ டிஸ்க்கின் எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் பேரேடு. அது புரியாவிட்டால் போட்டோவும் கிடையாது.

1993-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி.யோடு என்.டி.எஃப்.எஸ். என்றொரு பேரேட்டைக் கொண்டுவந்தது. அதை எழுதும் முறையை முழுசாக வெளியே சொல்லவில்லை. லினக்ஸ் தன்னார்வலர்கள் டிஸ்க்கில் இருப்பதை பைட் பைட்டாகப் பார்த்து, ஊகித்து, சரிபார்த்து, படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2001-ல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். அப்போதும் வேலை நிற்கவில்லை.

திட்டுகிறவன் கணக்கை நாம் ஏன் மெனக்கெட்டுப் படிக்கணும்? லாபம் அவனுக்குத்தானே? பழைய பேரேட்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்றால் யார் அதை மாற்றப் போகிறார்கள்? கேள்வி நியாயம்தான்.

ஆனால், இந்தச் சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். போட்டோவின் சொந்தக்காரர். பூட்டு மைக்ரோசாஃப்ட் செய்தது. உள்ளே இருக்கும் நகை அவருடையது. பூட்டுக் கம்பெனியோடு நமக்குப் பகை என்று அவர் நகையை உள்ளேயே விட்டுவிட்டால், தண்டனை யாருக்கு? திறந்தால்தானே அவர் நகையை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோக முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தவர் பேரேட்டைத் தப்பாகப் படித்தால் குழப்பம் நமக்கு. தப்பாக ஒரு வரி எழுதிவிட்டால்? அவர் கணக்கே போச்சு! அதனால்தான் லினக்ஸ் பல வருஷம் பெரும்பாலும் படிப்பதோடு நிறுத்திக்கொண்டது. எழுதும் வசதிக்குப் பக்கத்தில் 'அபாயம்' என்று எச்சரிக்கையும் போட்டு வைத்தது. சாதாரண ஆட்கள் நம்பி எழுதும் நிலை 2007-ல், 'என்.டி.எஃப்.எஸ்-3ஜி' என்ற புரோகிராம் வந்தபோதுதான் வந்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டே எக்ஸ்ஃபேட் என்ற தன் இன்னொரு பேரேட்டின் விதிமுறைகளை வெளியிட்டது. 2021-ல் பாராகன் நிறுவனம் எழுதிய என்.டி.எஃப்.எஸ். புரோகிராம், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது.

அடுத்தவர் குடும்பத்துக்கு உதவப் போகிற நாம் என்ன செய்கிறோம்? போன ஐந்தாவது நிமிஷமே பேனாவைத் திறந்து அவர்கள் கணக்கைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறோம். உதவுகிற மனசு பலரிடம் இருக்கிறது. முழுசாகப் புரியும்வரை பேனாவை மூடி வைத்திருக்கிற பொறுமை எத்தனை பேரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்!