மணிமாலையும் மனசாட்சியும்

மைசூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை உதகைக்கும் வயநாட்டுக்குமாகப் பிரிகின்ற இடம் குண்டலுபேட்டை. இன்று சாம்ராஜநகர் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்பில் இன்றும் அது மைசூர் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குகிறது.

அத்தகைய ஓர் ஊரில், ஒரு கத்தோலிக்கக் கூலித் தொழிலாளியின் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று குழந்தைகள். மற்றொரு பேறுகாலத்தைத் தாங்கும் வலிமை மனைவியின் இதயத்திற்கு இல்லை என்று மருத்துவர் எச்சரித்துவிட்டார். அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவைச் சிகிச்சை இலவசம். அவளது சமயமோ அதைத் தவறு என்கிறது. அவள் என்ன செய்வாள்?

இது ஒரு பெண்ணின் துயரம் மட்டுமன்று. உடல் மனிதனின் உடைமையா, அல்லது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பா என்ற பழைய வினா அவளது வாயிலில் வந்து நிற்கிறது.

ஒரே ஆண்டில் மூன்று விடைகள்

1930-ஆம் ஆண்டு இவ்வினாவிற்கு மூன்று திசைகளிலிருந்து விடை வந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர் அரசு, தன் மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மையங்களைத் திறக்க ஆணையிட்டது. ஓர் அரசே நடத்திய முதல் மையங்கள் என உலக அளவில் கருதப்படுபவை இவையே. அதே ஆண்டில் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், சில வரம்புகளுக்கு உட்பட்டுத் தம்பதியர் கருத்தடையை நாடலாம் என்று 193-க்கு 67 என்ற வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தார்கள். டிசம்பர் 31 அன்று திருத்தந்தை பதினோராம் பயஸ், செயற்கைக் கருத்தடை எதுவும் முறையற்றதே என்று சுற்றுமடல் வாயிலாக அறிவித்தார்.

திருச்சபையின் வாதம்

1968 ஜூலை 25 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் இந்நிலைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தார். மாற்றம் தேவை என்று அவர் காலத்து ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினர் கூறியிருந்தும் அவர் இசையவில்லை. அவரது வாதத்தைச் சுருக்கமாகக் கூறினால்: தாம்பத்திய உறவில் அன்பின் ஒன்றிப்பு, புதிய உயிருக்கான திறப்பு என்று இரு பொருள்கள் உள்ளன, இறைவன் இணைத்த அவ்விரண்டையும் மனிதன் தன் விருப்பப்படி பிரிக்கலாகாது.

திருச்சபையின் பிற நிலைப்பாடுகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அன்பிலிருந்து பிறப்பைப் பிரிப்பதால் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பையும் வாடகைத் தாய் முறையையும் அது ஏற்பதில்லை. உயிருக்கான திறப்பு இல்லை என்பதால் ஒருபால் உறவைத் திருமணமாக ஏற்பதில்லை. உடல் கொடையாகப் பெறப்பட்டது என்பதால் பால்மாற்றச் சிகிச்சையையும் பொதுவாக ஏற்பதில்லை. கருவும் மனித உயிரே என்பதால் கருக்கலைப்பை எதிர்க்கிறது. அதே சமயம், ஒருபால் ஈர்ப்புடையவராக இருப்பது குற்றமன்று என்று 2023-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கூறினார். அத்தகையோரைச் சிறையிடுவதும் துன்புறுத்துவதும் மனித மாண்புக்கு எதிரானது என்று 2024-இல் வத்திக்கான் ஆவணம் ஒன்று அறிவித்தது.

அப்படியானால் கருவுறா நாட்களை மட்டும் தேர்ந்து கூடுவதை அதே திருச்சபை எவ்வாறு அனுமதிக்கிறது? நோக்கம் ஒன்றுதானே என்று கேட்கலாம். நோக்கம் ஒன்றாக இருப்பதனால் செயல்கள் ஒன்றாகிவிடா என்பது அதன் மறுமொழி. பசியைத் தாங்கி உண்ணாதிருப்பதும், உண்டபின் வாந்தி எடுப்பதும் உடல் எடையைக் குறைக்கலாம். இரண்டும் ஒரே ஒழுக்கம் ஆகுமா? முன்னதில் மனிதன் தன்னை ஆள்கிறான். பின்னதில் விளைவை மட்டும் விலக்குகிறான்.

இந்தியருக்கு இந்த வாதம் அந்நியமன்று. 1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கரைச் சந்தித்த காந்தியடிகள் கருத்தடைச் சாதனங்களை மறுத்து, புலனடக்கத்தையே வலியுறுத்தினார். கணவனிடமும் மறுத்துச் சொல்லப் பெண்கள் கற்க வேண்டும் என்றார். கருவுறா நாட்கள் முறை மட்டும், சில நாட்களிலாவது அடக்கத்தைக் கோருவதால், தமக்கு அவ்வளவு வெறுப்பூட்டவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ராமநகரத்து மணிகள்

காந்தியடிகளின் அணுக்கத் தொண்டரான ராஜகுமாரி அம்ரித் கௌர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரானார். அவரது விருப்பப்படி, உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் 1952-ஆம் ஆண்டளவில் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்தில் இம்முறை சோதிக்கப்பட்டது. நாட்களை எண்ணிக் காண உதவியாகப் பெண்களுக்கு வண்ண மணிமாலைகள் அளிக்கப்பட்டன. பச்சை மணி அனுமதிக்கும். சிவப்பு மணி தடுக்கும்.

கற்க ஆர்வம் காட்டியோர் பலர். தொடர்ந்து கடைப்பிடித்தோர் மிகச் சிலர். மாலையை அணிந்தாலே போதும் என்று சிலர் நம்பியதாகவும் சொல்வதுண்டு. அவர்களது அறியாமையைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் உண்மையான தடை வேறு. மணிமாலை மனைவியின் கழுத்தில் இருந்தது. முடிவு கணவனின் கையில் இருந்தது. ஒருவர் மட்டும் நோற்கும் நோன்பால் இருவரின் வாழ்வு காக்கப்படுவதில்லை. மறுத்துச் சொல்லும் உரிமையே இல்லாதவளிடம் அடக்கத்தைப் போதிப்பது அவளுக்கு அறமாகாது, சுமையாகும்.

எச்சரிக்கை மெய்யானது

ஆயினும் எதிர்த்தரப்பு முழுவதும் வென்றது என்றும் கூற இயலாது. கருத்தடைக்குப் பழகிய ஆண், பெண்ணை இன்பக் கருவியாகக் காண்பான் என்றும், அரசுகள் இதைக் குடிமக்கள் மீது திணிக்கும் என்றும் 1968-இலேயே ஆறாம் பவுல் எச்சரித்திருந்தார். எட்டே ஆண்டுகளில் நெருக்கடி நிலைக் காலத்து இந்தியா அதைக் கண்டது. 1976-77-இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. அவற்றுள் பல வற்புறுத்தலால் நிகழ்ந்தவை. 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பலர் உயிரிழந்தனர். 2016-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் பணித்தது. உடல் எண்ணிக்கையாகப் பார்க்கப்படும்போது அதன் புனிதம் மறைகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இலட்சியமும் படிகளும்

எனவே இரு தவறுகள் விலக்கத்தக்கவை. இலட்சியம் கடினமானது என்பதால் அதைப் பொய் என்பது ஒரு தவறு. இலட்சியம் உயர்ந்தது என்பதால் அதை எட்டாதவரைத் தண்டிப்பது மற்றொன்று.

இந்திய மரபு இதனை அதிகாரி பேதம் என்ற கருத்தால் எதிர்கொண்டது. துறவிக்குரிய பிரம்மசரியம் வேறு, இல்லறத்தானுக்குரிய பிரம்மசரியம் வேறு. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுலும் மனிதன் படிப்படியாகவே வளர்கிறான் என்று ஏற்றார். ஆனால் ஆளுக்கு ஆள் சட்டமே மாறும் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏறுபவன் மெல்ல ஏறலாம். சிகரம் இறங்கி வராது என்பது அவர் நிலை. இந்த வேறுபாடு சிறிதன்று. எனினும் ஏறுபவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

இனி அந்த இல்லத்திற்குத் திரும்புவோம். திருச்சபையின் சட்டப்படி நோயுற்ற உறுப்பைக் குணப்படுத்தும் சிகிச்சை தவறன்று, அதனால் கருவுறும் ஆற்றல் இழக்கப்பட்டாலும் கூட. ஆனால் இதய நோயைக் காரணம் காட்டிக் கருப்பாதையை அடைக்க அது இசைவதில்லை. எஞ்சிய வழி அடக்கமே. அப்படியாயின் அந்த அறிவுரை முதலில் சென்று சேர வேண்டிய இடம் அவளது செவியன்று. அவளது கணவனின் செவி. அவன் தன்னை ஆளக் கற்றால் மணிமாலையும் தேவைப்படாது. அவன் கற்காத இடத்தில், மூன்று குழந்தைகளுக்குத் தாய் வேண்டும் என்று எண்ணி அவள் எடுக்கும் முடிவைப் பாவம் என்று தீர்ப்பதற்கு முன், தீர்ப்பவர் தம் இதயத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

அறம் முதலில் கேட்பது வலியவனின் தியாகத்தையே. எளியவளின் உயிரை அன்று.