மறைத்தலும் திருத்தலும்

மழைநீர் கசிந்து சாந்து நெகிழ்ந்த விதானமொன்றை இரு வழிகளிற் புதுப்பிக்கலாம். கறையின்மீது நேரே வர்ணம் பூசிவிடுதல் ஒன்று. பழுதுற்ற சாந்தைப் பெயர்த்தெடுத்து, மீளச் சாந்திட்டு, அதன்பின் வர்ணம் பூசுதல் மற்றொன்று. வேலை முடிந்த அன்று இரண்டும் பார்வைக்கு ஒன்றேபோலத் தோன்றும். இரண்டிலும் வெடிப்பு மறைந்தே போகின்றது. அங்ஙனமாயின், ஒன்றை ஏமாற்று எனவும் மற்றதை நேர்மை எனவும் கூறுவதற்கு ஆதாரம் யாது?

மேசனின் வேலைமுறை இதற்கு ஓரளவு விடை தருகின்றது. அவன் முதலில் நீர் வரும் வழியை அடைக்கின்றான். பின்னர் விதானத்தைத் தட்டிப் பார்க்கின்றான். பற்றுவிட்ட சாந்து பொள்ளலாக ஒலிக்கும். அதனை உறுதியான விளிம்பு வரும்வரை கொத்தி அகற்றுகின்றான். சிறு வெடிப்பு பெருங்குழியாகின்றது. திருத்தம், சேதத்தின் முழு அளவையும் வெளிப்படுத்துவதிலேயே தொடங்குகின்றது. அதன்பின் தூசி நீக்கி, நீர் தெளித்து, படைபடையாகச் சாந்திடுகின்றான். சுண்ணச்சாந்தாயின், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உட்கொண்டே இறுகும். ஈரம் உலருமுன் வர்ணம் பூசினால், பூச்சு கொப்புளித்து உரியும்.

பொருள்வசதியற்றவன் வர்ணத்தோடு நிறுத்திக்கொள்வது குற்றமாகுமா என வினவலாம். வறுமை குற்றமன்று. ஆயின், திருத்த இயலாதவிடத்துக் கறையை அப்படியே விட்டுவைக்கலாம். கறை ஓர் எச்சரிக்கை. அதனைக் கண்டவர் அதன்கீழ்ப் பாயை விரிக்கமாட்டார். வர்ணம் அபாயத்தை இருக்கவிட்டு எச்சரிக்கையை மட்டும் அழிக்கின்றது. வீட்டை வாடகைக்கு விடுபவர் அவ்வாறு செய்யும்போது, அறியாது உறங்குபவரின் தலைமீதே அப்பொய் தொங்குகின்றது.

இழப்பை ஒளிக்காது திருத்துவதும் இயலும். வத்திக்கானின் சிஸ்ரைன் சிற்றாலய விதானத்தில் 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியத்தின் ஒரு பகுதி, 1797இல் அண்மையிலிருந்த கோட்டையின் வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்த அதிர்ச்சியாற் சாந்தோடு வீழ்ந்தது. வீழ்ந்த இடம் சாந்தால் நிரப்பப்பட்டுள்ளது. அழிந்த உருவமோ மீள வரையப்படவில்லை. 1980களில் அவ்விதானம் துப்புரவு செய்யப்பட்டபோதும் அவ்வெறுமை அவ்வாறே விடப்பட்டது.

ஆகவே, வெடிப்பு கண்ணுக்குத் தெரிகின்றதா இல்லையா என்பதைக் கொண்டு செயலின் நேர்மையை அளத்தல் பொருந்தாது. அச்செயலின் பின் அதன்கீழ் வாழ்பவர் அச்சமின்றி உறங்கலாமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நன்கு திருத்திய மேசனின் உழைப்பு வர்ணத்தினடியில் மறைந்துவிடும். அதற்குப் பாராட்டுக் கிட்டுவதும் அரிது. எனினும், அடுத்த மாரியில் விதானம் வீழாதிருப்பது அவ்வுழைப்பினாலேயே.